குடியிருந்தவரின் குரல் கேட்கும் புத்தகத்தைக் கொடுங்கள்

உங்கள் சித்தி பணி ஓய்வு பெற்றுச் சிறிய வீடு ஒன்றுக்குக் குடிபோகிறார். பழைய காலத்து வீட்டலங்காரம், விருந்து உபசாரம் பற்றிய மேலைநாட்டுப் புத்தகங்கள் என்றால் அவருக்கு உயிர். அவற்றில் ஒன்றைப் பரிசாகக் கொடுக்க நினைத்துத் தேடினால், பூப்போட்ட அட்டையும் பளபளக்கும் படங்களுமாக எல்லாமே ஒன்றுபோலத் தெரிகின்றன. எதை வாங்குவது, பழைய பிரதியா புதிய பதிப்பா, ஒருமுறை புரட்டிவிட்டு அலமாரியில் வைத்துவிடுவாரோ என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக இந்த வகைப் புத்தகங்களைச் சேர்த்து வருகிறேன். கேட்டவர்களுக்குத் தேடியும் கொடுத்திருக்கிறேன். உடனே ஒரு பெயர் சொல்லுங்கள் என்றால், ஸ்வீடன் நாட்டு ஓவியர் கார்ல் லார்சனின் ‘ஒரு வீடு’. உங்கள் சித்திக்கு வீட்டைவிட வீட்டுக்கு வருகிறவர்கள்மேல்தான் பிரியம் அதிகம் என்றால், அமெரிக்காவின் டோரதி டிரேப்பர் 1941இல் வெளியிட்ட ‘என்டர்டெயினிங் இஸ் ஃபன்’. இந்த இரண்டையும் ஏன் சொல்கிறேன் என்பதை விளக்கினால், வேறு எதை வாங்கினாலும் உங்களால் தேர்ந்தெடுக்க முடியும்.

கடையில் புத்தகத்தைத் திறந்ததும் கண் படத்துக்குத்தான் போகும். உள்ளங்கையால் படத்தை மூடிக்கொண்டு, கீழே உள்ள எழுத்தை அரைப்பக்கம் படியுங்கள். பேசுவது யார் என்று தெரிகிறதா? அந்த வீட்டில் கதவு எங்கே இடிக்கும், எந்த நாற்காலியில் யாரும் உட்காரமாட்டார்கள், விருந்தாளி சீக்கிரம் வந்துவிட்டால் என்ன செய்வார்கள் என்று அறிந்த ஒருவர் பேசுகிறாரா? அப்படியென்றால் வாங்குங்கள். படத்தை மூடியதும் ஒன்றும் மிஞ்சவில்லை என்றால் அப்படியே வைத்துவிடுங்கள். இந்தப் புத்தகங்களை நாம் படிப்பது பார்த்துச் செய்வதற்காக அல்ல. வேறொருவர் வீட்டில், வேறொரு காலத்தில், ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்திருப்பதற்காகப் படிக்கிறோம். வீட்டுக்காரர் இல்லாத வீட்டில் எவ்வளவு நேரம் உட்கார முடியும்?

ஏக்கம் என்பதைப் பற்றி ஒரு வார்த்தை. நாஸ்டால்ஜியா என்று ஆங்கிலத்தில் புழங்கும் சொல் முதலில் ஒரு நோயின் பெயராகத்தான் பிறந்தது. 1688இல் பாசல் நகரில் யோகன்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர், ஊரைப் பிரிந்து தொலைவில் இருந்தவர்களைப் பிடித்த வாட்டத்துக்குப் பெயர் தேடினார். கிரேக்க மொழியில் வீடு திரும்புதலைக் குறிக்கும் சொல்லையும் வலியைக் குறிக்கும் சொல்லையும் ஒட்டி இந்தப் பெயரை உண்டாக்கினார். அதாவது, அந்த நோய் தொடக்கத்தில் கடந்த காலத்துக்கான ஏக்கமாக இருக்கவில்லை, வீட்டுக்கான ஏக்கமாகவே இருந்தது. பழைய வீடுகளைப் பற்றிய புத்தகம் இத்தனை பேரை இழுப்பதன் காரணம் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

பரிசாகக் கொடுப்பதற்கென்றே புத்தகம் தயாரிக்கும் வழக்கமும் பழையதுதான். லண்டனில் ருடால்ஃப் ஆக்கர்மன் என்ற பதிப்பாளர், ஜெர்மனியில் இருந்த ஆண்டுமலர் வழக்கத்தைப் பார்த்து, 1822 நவம்பரில், அடுத்த ஆண்டுக்கான பரிசாக ‘ஃபர்கெட் மீ நாட்’ என்ற மலரை வெளியிட்டார். ஆங்கிலத்தில் அந்த வகைக்கு அதுவே முதல். சில ஆண்டுகளுக்குள் அதைப் பின்பற்றி ஏராளமான மலர்கள் வந்துவிட்டன. சில பட்டுத்துணி அட்டையோடு வந்தன. படத்தைச் செதுக்கி அச்சிடும் செம்புத் தகடு சீக்கிரம் தேயும், எஃகுத் தகடு ஆயிரக்கணக்கான படிகளுக்குத் தாங்கும். அந்தத் தொழில்நுட்பம் கைவந்ததால்தான் நுட்பமான படங்களோடு அவ்வளவு பிரதிகள் அச்சிட முடிந்தது. அந்த மலர்கள் பலவற்றின் முன்பக்கத்தில் அலங்காரச் சட்டமிட்ட ஒரு வெற்றிடம் இருக்கும். கொடுப்பவர் பெயரையும் பெறுபவர் பெயரையும் கையால் எழுதுவதற்கான இடம் அது. இதைப் பிறகு உங்களுக்கு நினைவூட்டுவேன்.

இனி லார்சன். 1888இல் அவருக்கும் அவர் மனைவி காரினுக்கும், காரினின் தந்தை சுன்ட்போர்ன் என்ற கிராமத்தில் சிறிய மரவீடு ஒன்றைக் கொடுத்தார். லில்லா ஹிட்னாஸ் என்று அதற்குப் பெயர். குடும்பம் பெருகப் பெருக வீட்டையும் கூட்டிக்கூட்டிக் கட்டினார்கள். சுவரிலும் கதவிலும் அவர் ஓவியம் தீட்டினார். திரை, மேசை விரிப்பு, மெத்தை உறை எல்லாம் காரின் நெய்ததும் தைத்ததும். நாற்காலிகளுக்குக்கூட காரின் வடிவம் வரைந்து உள்ளூர்த் தச்சரிடம் செய்யச் சொன்னார். 1890களில் லார்சன் இந்த வீட்டின் அறைகளை நீர்வண்ணத்தில் வரையத் தொடங்கினார். அவற்றில் 24 ஓவியங்கள், அவருடைய எழுத்தோடு, 1899இல் புத்தகமாயின.

அதில் ஒரு படத்தை மட்டும் கிட்டத்தில் பார்ப்போம். வெளுத்த சுவர், நீலமும் வெள்ளையுமான கோடு போட்ட துணி, தரையில் நீள விரிப்பு. வரவேற்பறையின் ஒரு மூலை. அலங்காரப் புத்தகத்தில் இருக்கவேண்டிய எல்லாம் இருக்கின்றன. ஆனால் மூலையில் கிடக்கும் நாற்காலியில் ஒரு சிறுவன் உட்கார்ந்திருக்கிறான். குறும்பு செய்ததற்குத் தண்டனையாக அங்கே அனுப்பப்பட்டவன், ஓவியரின் மகன். படத்துக்கே ‘வெட்கப்படும் மூலை’ என்ற பொருளில்தான் பெயர். அந்தப் பையனை எடுத்துவிட்டால் அழகான அறை ஒன்று மிஞ்சும், அவ்வளவுதான். பையன் உட்கார்ந்திருப்பதால் சாப்பாட்டு மேசையில் நடந்த சண்டை நமக்குக் கேட்கிறது, அப்பாவின் கோபம் தணிந்துகொண்டிருப்பது தெரிகிறது, அறையில் ஆட்கள் வாழ்கிறார்கள். நான் இந்தப் படத்தை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. இன்றும் அந்தப் பையனை எழுந்துவரச் சொல்ல வேண்டும்போல் இருக்கும்.

1909இல் ஜெர்மன் மொழியில் ‘வெயிலில் ஒரு வீடு’ என்ற பொருள்படும் தலைப்பில் இவருடைய படங்களும் எழுத்தும் மலிவுப் பதிப்பாக வந்தபோது மூன்று மாதத்தில் 40,000 பிரதிகள் விற்றன. கனத்த திரைச்சீலையும் இருண்ட மரச்சாமான்களுமாக இருந்த நடுத்தர வீடுகளில் வெளிச்சமும் வெள்ளைச் சுவரும் புகுந்ததில் இந்தப் புத்தகங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஸ்வீடிஷ் வீடு என்று உலகம் இன்று மனத்தில் வைத்திருக்கும் படமே பெருமளவு அந்த ஒரு வீட்டிலிருந்து வந்ததுதான். எனக்குள்ள வருத்தம் ஒன்று: அட்டையில் கார்லின் பெயர் மட்டும் இருக்கிறது. அந்த வீட்டில் கண்ணைப் பறிக்கும் துணிகளில் பெரும்பாலானவை காரினுடையவை. ஓவியராகப் பயின்றவர், தூரிகையை வைத்துவிட்டு நூலை எடுத்தவர். பரிசு கொடுக்கும்போது இதையும் உங்கள் சித்தியிடம் சொல்லிக் கொடுங்கள். படங்களை அவர் வேறு கண்ணோடு பார்ப்பார்.

அந்த வீட்டு வாசலுக்கு மேலே இன்றும் ஒரு வாசகம் இருக்கிறது: வருக அன்பரே, கார்ல் லார்சனிடமும் அவர் மனைவியிடமும். வீடு பார்வையாளர்களுக்குத் திறந்திருக்கிறது; ஆனால் புத்தகத்தின் வழியாக உள்ளே போவது வேறு அனுபவம்.

பெயரைக் கேட்டதும் வாங்கத் தோன்றும், ஆனால் உங்கள் தேவைக்குப் பொருந்தாத புத்தகம் ஒன்றுண்டு. இசபெல்லா பீட்டனின் ‘புக் ஆஃப் ஹவுஸ்ஹோல்ட் மேனேஜ்மென்ட்’. 1859 முதல் மாதாந்தரப் பகுதிகளாக வந்து 1861இல் ஒரே நூலாகி, முதல் ஆண்டிலேயே 60,000 பிரதிகள் விற்றது. ஆயிரத்து நூறு பக்கத்துக்கு மேல். வீட்டுத் தலைவியைப் படைத் தளபதிக்கு ஒப்பிட்டுத் தொடங்குகிறது. பலரும் அவரை நரைத்த தலையோடு அதட்டும் பாட்டியாகக் கற்பனை செய்துகொள்கிறார்கள். உண்மையில் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த பெண், 1865இல் 28 வயதில் இறந்துவிட்டார். அந்தக் கதை மனத்தைத் தொடுகிறது. ஆனால் சமையல் குறிப்புகளில் பெரும்பகுதி முந்தைய நூல்களிலிருந்து தொகுத்தவை. ஆராய்பவருக்கு அது சுரங்கம், மாலையில் மடியில் வைத்துப் படிக்கிறவருக்குப் பாரம். எடித் வார்ட்டனும் ஆக்டன் காட்மனும் 1897இல் எழுதிய ‘தி டெக்கரேஷன் ஆஃப் ஹவுசஸ்’ நூலையும் அப்படித்தான் சொல்வேன். பிறகு பெரும் நாவலாசிரியராக உயர்ந்த வார்ட்டனின் முதல் உரைநடை நூல் அது. அறையின் அழகு அதன் அளவிலும் கதவு, சன்னல், கணப்பு ஆகியவற்றின் இசைவிலும் இருக்கிறது, அடுக்கிவைத்த பொம்மைகளில் இல்லை என்று வாதாடும் நூல். கட்டடக்கலையில் நாட்டமுள்ளவருக்குக் கொடுங்கள். மற்றவர்களுக்கு அது பாடப் புத்தகம்.

இங்கே அமெரிக்கா பக்கம் திரும்பவேண்டும். நியூயார்க்குக்கு அருகே டக்ஸீடோ பார்க் என்ற பணக்காரக் குடியிருப்பு ஒன்று 1880களில் உருவானது. அதை வடிவமைத்த கட்டடக் கலைஞர் புரூஸ் பிரைஸின் மகள்தான் எமிலி போஸ்ட். 1922இல் நாகரிக நடத்தை பற்றி அவர் எழுதிய தடிமனான நூல் வீட்டுக்கு வீடு போனது. அதே குடியிருப்பில் 1889இல் பிறந்தவர்தான் டோரதி டிரேப்பர். ஒருவர் விதிகளைச் சொன்னார், அடுத்தவர் விதிகளைப் பார்த்துப் பயப்படாதீர்கள் என்றார்.

போஸ்டைக் குறைத்துச் சொல்வதாக எண்ணவேண்டாம். அவருடைய நூல் உயிரோடிருப்பது விதிகளால் அல்ல, அவர் படைத்த மனிதர்களால். ஒவ்வொரு சந்தர்ப்பத்துக்கும் பாத்திரங்களை உண்டாக்கி, அவர்களுக்குக் குணத்தையே பெயராக வைத்து நாடகம் நடத்துவார். முதல் பதிப்பில் பணியாட்கள் நிறைந்த வீடுகளே உலகம். வாசகர்களில் பெரும்பாலோருக்கு ஒரு பணியாள்கூடக் கிடையாது என்பது தெரிந்ததும், 1920களின் பிற்பகுதியில் வந்த பதிப்பில் புதிய பாத்திரம் ஒன்றைச் சேர்த்தார். மிஸஸ் த்ரீ இன் ஒன். சமைப்பவர், பரிமாறுபவர், விருந்தாளியோடு உட்கார்ந்து பேசுபவர் மூன்றும் அவரே. வேலையாளே இல்லாமல் விருந்து கொடுக்கும் பெண் அந்த நூலில் மரியாதையோடு இடம்பெற்றது எனக்கு எப்போதும் பெரிய விஷயமாகப் படும். உங்கள் சித்திக்கு இந்தப் பாத்திரத்தை நிச்சயம் பிடிக்கும். இவர் இருக்கும் பதிப்பாகப் பார்த்து வாங்கவேண்டும், 1922 முதல் பதிப்பு அதற்கு உதவாது.

டிரேப்பர் 1920களில் சொந்தமாக அலங்கார நிறுவனம் தொடங்கினார். பெண்கள் சொந்தத் தொழில் நடத்துவதே அரிதாக இருந்த காலம். கறுப்பு வெள்ளைச் சதுரத் தரை, ஆள் முகம் அளவுக்குப் பெரிய ரோஜாக்கள் அச்சிட்ட திரைத்துணி, கூச்சமில்லாத அடர்ந்த வண்ணங்கள் அவருடைய அடையாளம். மேற்கு வர்ஜீனியாவின் கிரீன்பிரையர் ஓட்டல் இரண்டாம் உலகப்போரில் இராணுவ மருத்துவமனையாக இருந்தது. அதை முழுக்க மாற்றியமைத்து 1948இல் திறந்தபோது அந்தப் பாணி உச்சத்தைத் தொட்டது. ஆனால் 1939இல் வந்த ‘டெக்கரேட்டிங் இஸ் ஃபன்’ நூலிலும் 1941இல் வந்த விருந்து நூலிலும் அவர் பேசுவது ஓட்டல் முதலாளிகளோடு அல்ல, சாதாரண வீட்டுக்காரரோடு. அலங்காரம் என்றால் ஏதோ ஆழமான மர்மம், எந்த மன்னர் காலத்து நாற்காலி எது என்று தெரியாமல் கை வைக்கக்கூடாது என்று பலரும் நடுங்குகிறார்கள். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை, அது வெறும் மகிழ்ச்சி என்று தொடங்குகிறார். விருந்து நூலில் எதிரிக்கு அவர் வைத்திருக்கும் பெயர் அழகானது: களையிழந்து கிடப்பதற்கான பிடிவாதம். யார் வரப்போகிறார்கள், எதற்கு இந்த விரிப்பை எடுக்கவேண்டும், எதற்கு இந்த விளக்கைத் துடைக்கவேண்டும் என்று நமக்குள்ளேயே இருந்து முணுமுணுக்கும் அதுதான். அதைக் கடிந்து விரட்டுவதற்காகவே ஒரு நூல் எழுதியிருக்கிறார் என்று சொல்லலாம்.

என்னிடம் உள்ள பழைய பிரதியின் கதையைச் சொல்லவேண்டும். மேலுறை கிடையாது, முதுகு வெயிலில் வெளுத்திருக்கிறது. வாங்கி ஒரு வாரம் கழித்துத்தான், கடைசி வெற்றுத்தாளில் பென்சிலால் எழுதியிருந்ததைக் கவனித்தேன். எட்டுப் பேர் மேசையைச் சுற்றி உட்காரும் வரைபடம். பெயர்களுக்குப் பதில் முதலெழுத்துகள். ஒரு முதலெழுத்தை அழித்து, எதிர்வரிசைக்கு மாற்றி, பிறகு மறுபடியும் அழித்துப் பழைய இடத்திலேயே எழுதியிருக்கிறார். கீழே சின்ன எழுத்தில், காது கேட்கும் பக்கம் என் பக்கமாக இருக்கட்டும் என்ற பொருளில் ஒரு வரி. காது சரியாகக் கேட்காத விருந்தாளி ஒருவரை எங்கே உட்காரவைத்தால் அவரும் பேச்சில் கலந்துகொள்வார் என்று, யாரோ ஒருவர் அந்தத் தாளின்மேல் குனிந்து நெடுநேரம் யோசித்திருக்கிறார். தமிழில் விருந்து என்ற சொல்லின் பழைய பொருள் புதுமை. தொல்காப்பியம் அந்தப் பொருளில்தான் அதை ஆள்கிறது. வருகிறவர் நமக்குப் புதியவர், அவர் கண்ணுக்கு நம் வீடு புதியது. அந்த மேசையை வந்தவரின் காதிலிருந்து பார்த்த அந்தப் பெயர் தெரியாத மனிதரை, நூலின் ஆசிரியரைவிட எனக்கு அதிகம் பிடிக்கும்.

பிற்காலத்து நூல்களில் மூன்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மார்த்தா ஸ்டூவர்ட்டின் ‘என்டர்டெயினிங்’, 1982. கனெக்டிகட்டில் பழைய பண்ணை வீட்டைச் சீர்செய்து, விருந்துகளுக்குச் சமைத்துக் கொடுக்கும் தொழில் நடத்திய பெண்ணின் முதல் நூல். அதுவரை வண்ணப் படங்களுக்கு இவ்வளவு இடம் கொடுத்து விருந்து நூல்கள் பெரிதாக வந்ததில்லை. இன்று கடையில் குவிந்திருப்பவற்றில் பெரும்பாலானவை அதன் வழித்தோன்றல்கள். 1980களில் வளர்ந்தவர்களுக்கு அதுவே ஏக்கப் பொருளாகிவிட்டது. 2025இல் மறுபடியும் அச்சில் வந்தது. சிறப்பான நூல்தான். ஆனால் அதிலுள்ள விருந்துகள் பெரியவை, சிறிய வீட்டுக்குக் குடிபோகிறவருக்கு அது சற்று மூச்சு முட்டும்.

அதைவிட சூசன் பிராஞ்ச் 1986இல் வெளியிட்ட ‘ஹார்ட் ஆஃப் தி ஹோம்’ நூலைப் பரிந்துரைப்பேன். மார்த்தாஸ் வினியார்ட் தீவில் குடியேறியவர், நூல் முழுவதையும் தம் கையெழுத்திலேயே எழுதி, ஓரங்களில் நீர்வண்ணப் படங்கள் வரைந்திருக்கிறார். அச்செழுத்து இல்லாத பக்கத்தைப் படிக்கும்போது தோழி எழுதிய கடிதம் கையில் இருப்பதுபோல் இருக்கும். உள்ளங்கைச் சோதனையில் இது எளிதாகத் தேறிவிடும்.

மூன்றாவது, டாஷா டியூடரின் வீட்டைப் பற்றி 1992இல் வந்த நூல். குழந்தைகள் நூல்களுக்குப் படம் வரைந்து புகழ்பெற்றவர். வெர்மான்ட் மலைப்பகுதியில், மகன் கைக்கருவிகளால் கட்டிக்கொடுத்த வீட்டில், 1830களின் உடையும் பாத்திரங்களுமாக, 2008இல் 92 வயதில் இறக்கும்வரை வாழ்ந்தார். புகைப்படக்காரர் ரிச்சர்ட் பிரவுன் எடுத்த படங்கள் ஓவியம் போலவே இருக்கும். இந்த நூல் உங்கள் சித்திக்குப் பிடிக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். இருந்தாலும் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. தான் பிறப்பதற்கு எண்பது ஆண்டு முன்பிருந்த காலத்தைத் தேர்ந்தெடுத்து அதில் குடியேறியவர் அவர். ஏக்கத்துக்கு அழகான பக்கங்களை மட்டும் தேர்ந்தெடுக்கும் சுதந்தரம் உண்டு. அந்த 1830களில் அமெரிக்காவில் மனிதர்களை விலைக்கு விற்றார்கள் என்பதும் கூடவே நினைவுக்கு வருகிறது.

அதனால்தான் இந்த வரிசையில் பலர் சேர்க்காத ஒரு நூலை நான் விடாமல் சேர்ப்பேன். எட்னா லூயிஸின் ‘தி டேஸ்ட் ஆஃப் கன்ட்ரி குக்கிங்’, 1976. அவர் வளர்ந்தது வர்ஜீனியாவில் ஃப்ரீடவுன் என்ற சிறிய குடியிருப்பு. அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டவர்கள் நிறுவிய ஊர் அது. அவர்களில் ஒருவர் அவருடைய தாத்தா. சமையல் நூல் என்றுதான் கடைகளில் வைத்திருப்பார்கள். உண்மையில் அது ஓர் ஊர் ஆண்டு முழுவதும் எப்படி ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டது என்பதன் வரலாறு. பருவங்களின் வரிசையில் போகிறது; ஆட்டு மயிர் கத்தரித்த நாளின் சாப்பாடு, அடிமை விடுதலை நாள் விருந்து என்று ஒவ்வொரு விருந்துக்கும் ஒரு காரணம் இருக்கிறது. மேசை அலங்காரம் பற்றி அவர் பாடம் நடத்துவதே இல்லை. ஆனால் யார் வருவார்கள், யார் எதைக் கொண்டுவருவார்கள், யாருக்காகக் காத்திருந்தார்கள் என்பதைப் படிக்கும்போது அந்த மேசை நம் முன்னால் விரிந்துவிடும். இழந்த வீட்டை எழுத்தால் மீட்டெடுத்தவர்களில் இவரை நான் மிக உயர்ந்த இடத்தில் வைப்பேன். அட்டைப் பகட்டைப் பார்க்காமல் உள்ளே படிப்பவர் உங்கள் சித்தி என்றால், லார்சனையும் தள்ளிவிட்டு இதையே வாங்குங்கள்.

வீட்டைப் பற்றிய ஏக்கத்தை முற்றிலும் வேறு திசையிலிருந்து பார்க்க விரும்புபவருக்கு ஜப்பானிய எழுத்தாளர் ஜுனிசிரோ தனிசாகி 1933இல் எழுதிய, நிழலைப் புகழும் கட்டுரை இருக்கிறது. சொந்த வீடு கட்டியவரின் சங்கடத்திலிருந்து தொடங்குகிறார்: பழைய பாணி வீட்டில் மின்கம்பியை, எரிவாயுக் குழாயை எங்கே ஒளிப்பது? அங்கிருந்து மெழுகுவத்தி வெளிச்சத்தில் அரக்குப் பாத்திரம் எப்படித் தெரியும் என்பதுவரை போகிறார். மெல்லிய நூல், ஒரே இரவில் முடித்துவிடலாம்.

பழைய பிரதியா, புதியதா? லார்சனைப் பொறுத்தவரை புதிய பதிப்பே மேல். நீர்வண்ணத்தின் மென்மையை நல்ல நவீன அச்சு தெளிவாகக் காட்டுகிறது. டிரேப்பரைப் பழைய பிரதியாகத் தேடலாம். கிடைக்காவிட்டால் 2000களில் வந்த மறுபதிப்பு போதும். ஸ்டூவர்ட்டும் பிராஞ்சும் எந்தப் பதிப்பானாலும் சரி. முதல் பதிப்பு என்ற சொல்லுக்கு மயங்கி அதிகம் கொடுக்காதீர்கள், படிப்பதற்குத்தானே கொடுக்கிறீர்கள்.

பழையது வாங்குவதானால், படங்களை எண்ணாமல் வாங்காதீர்கள். ஒருமுறை படங்கள் எல்லாம் முழுமையாக உள்ளன என்ற உறுதிமொழியை நம்பி, பழைய லார்சன் தொகுதி ஒன்றைத் தபாலில் வரவழைத்தேன். பிரித்துப் பார்த்தால் ஐந்து படத்தாள்களைக் காணவில்லை. தையலோரம் பிளேடால் அறுத்த விரல்கடை அகல ஓரம் மட்டும் ஐந்து இடங்களில் நின்றது. சட்டம்போட்டு விற்க யாரோ எடுத்திருக்கிறார்கள். அந்த மூலைப் பையனின் படமும் போய்விட்டது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆகவே, படப் பட்டியல் இருந்தால் அதோடு ஒப்பிட்டு எண்ணுங்கள். இல்லாவிட்டால் தையலோரத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள், அறுபட்ட இடம் தட்டுப்படும்.

அடுத்து, தாள். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு கந்தல் துணிக்குப் பதில் மரக்கூழில் தாள் செய்யத் தொடங்கினார்கள். அதில் உள்ள அமிலம் நாளடைவில் தாளைப் பழுப்பாக்கி நொறுங்கவைக்கும். பக்கத்தின் மூலையை லேசாக வளைத்துப் பார்த்தாலே தெரியும். பழுப்பு நிறம் பரவாயில்லை, ஒடிந்தால் வேண்டாம். படங்களுக்கான வழவழப்புத் தாளின் பகை வேறு. அதன்மேல் வெண்களிமண் பூச்சு இருக்கும். ஈரம் பட்டுக் காய்ந்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிறகு கிழியாமல் பிரிக்கவே முடியாது. புழுங்கல் வாடை அடித்தால் பூஞ்சணம் இருக்கிறது என்று பொருள். அந்தப் பிரதி புதுவீட்டு அலமாரியில் உள்ள மற்றப் புத்தகங்களையும் கெடுத்துவிடும். இராமபாணம் துளைத்த ஓட்டைகளைப் பார்த்தால் உள்ளே பூச்சி உயிரோடு இருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள், புதிய தூள் உதிர்ந்தால் விட்டுவிடுங்கள். கிழிந்த இடத்தை செல்லோடேப்பால் ஒட்டிக் கொடுக்கலாம் என்று எண்ணவே எண்ணாதீர்கள். சில ஆண்டுகளில் பசை ஊறி மஞ்சள் கறை தாளுக்குள் இறங்கிவிடும். கிழிசலோடு கொடுப்பது அதைவிடப் பன்மடங்கு மேல்.

முன்பே சொன்ன அந்த அலங்காரச் சட்டமிட்ட வெற்றிடம் நினைவிருக்கிறதா? இன்றைய புத்தகங்களில் அந்தச் சட்டம் இல்லை, ஆனால் முதல் வெற்றுத்தாள் இருக்கிறது. எழுதினால் மதிப்புக் குறைந்துவிடும் என்று சேகரிப்பாளர்கள் சொல்வார்கள். நூறாண்டு பழமையான அரிய பிரதிக்கு அது சரி; அப்படிப்பட்டது உங்கள் கையில் சிக்கினால் தனிச் சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள். மற்றபடி எழுதத்தான் வேண்டும். வாழ்த்து வாசகம் வேண்டாம். சித்தியின் பழைய வீட்டில் உங்களுக்கு நினைவிருக்கும் ஒன்றை எழுதுங்கள்: எந்தச் சன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள், அவர் எந்தக் கிண்ணத்தை விருந்தாளிகளுக்கு மட்டும் எடுப்பார், வாசலில் யார் குரல் கேட்டால் உங்களை எழுந்து ஓடச் சொல்வார். நான்கு வரி போதும். தேதி போடுங்கள்.

அதற்கு முன் புத்தகத்தை நீங்கள் முழுதும் படித்துவிடுங்கள். உங்களுக்குப் பிடித்த பக்கத்தில் சின்னத் தாள் ஒன்றை வையுங்கள். காய்ந்த பூவை வைக்காதீர்கள், அதன் சாறு படத்தில் கறையாகும். பேனாவில் எழுதுவதானால், எழுதியதும் மூடிவிடாமல் மேலே மையொற்றுத் தாள் ஒன்றை வைத்து, ஓர் இரவு திறந்தே விட்டு, காலையில் பொதிந்து கட்டுங்கள்.